சிலுவை இல்லாத கொடி: தூவே கிறிஸ்டியன்சனின் கதை



இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன ட்ராயிங் கிளாஸோட ஆரம்பிக்கலாம். பஸ்லயோ மெட்ரோலயோ கேட்டுட்டு இருக்கறவங்க மனசுக்குள்ளயே வரைஞ்சுக்கோங்க. வண்டி ஓட்டறவங்க தயவுசெஞ்சு ரோட்டைப் பாருங்க.

ஒரு செவ்வகம். நீளம் 18 கட்டம், உயரம் 12 கட்டம். அதைப் படுக்கைவாட்டுல சரிபாதியா பிரிங்க. மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி சிவப்பு. இப்போ நடுக்கோட்டு மேல மையம் வச்சு 8 கட்டம் விட்டத்துல ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள மட்டும் நிறம் தலைகீழ். மேல் அரைவட்டம் சிவப்பு, கீழ் அரைவட்டம் வெள்ளை. அவ்வளவுதான், முடிஞ்சது.

இதை நான் எஸ்விஜில எழுதிப் பார்த்தேன். நாலே நாலு வரி கோட். ஆனா முதல் தடவை தப்பா வந்துச்சு. கை பழக்கத்துல வட்டத்தை நட்டநடுவுல, அதாவது 9ஆவது கட்டத்துல வச்சுட்டேன். அசல் அளவுல வட்டத்தோட மையம் 7ஆவது கட்டத்துல இருக்கு, கம்பத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளி. ஸ்க்ரீன்ல பார்த்தா கோணலா தெரியும். ஆனா கொடி ஸ்க்ரீனுக்காக செஞ்சது இல்லையே. காத்துல பறக்கும்போது வெளிப்பக்க முனை மடங்கும், சுருங்கும். அப்போ வட்டம் நடுவுல இருக்கற மாதிரி தெரியணும்னா இப்படித்தான் வைக்கணும். எனக்கு அந்த ரெண்டு கட்டம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இது கிரீன்லாந்தோட கொடி. வரைஞ்சவர் பேரு தூவே கிறிஸ்டியன்சன். ஸ்கூல் வாத்தியார், ஓவியர், அரசியல்வாதி. கிரீன்லாந்து தனக்குன்னு ஒரு அரசாங்கம் அமைச்சப்ப முதல் கல்வி, கலாச்சார அமைச்சர் இவர்தான். 2022ல, 82 வயசுல இறந்துட்டார். 2025 மார்ச்ல நூக் நகரத்துல, 'நாங்க விற்பனைக்கு இல்ல'ன்னு அமெரிக்காவுக்கு எதிரா ஜனங்க திரண்டு வந்தப்ப, கை கையா இருந்தது இந்தக் கொடிதான். நியூஸ்ல நீங்களும் பார்த்திருப்பீங்க. வரைஞ்சவர் அதைப் பார்க்கல.

ஒரு வார்த்தை பத்தி முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஸ்கூல் புக்ல 'எஸ்கிமோ'ன்னு படிச்சோம் இல்லையா? அது வெளியாள் வச்ச பேரு. அந்த மக்கள் தங்களை இனுயிட்னு சொல்லிக்கறாங்க. 'மனிதர்கள்'னு அர்த்தம். அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்துன்னு ஆர்க்டிக் முழுக்கப் பரவியிருக்கற உறவுக்கூட்டம். அதுல கிரீன்லாந்து இனுயிட் மக்களோட பேர் கலாலிட். அவங்க நாட்டுக்கு அவங்க மொழியில பேரு கலாலிட் நுனாட், கலாலிட்களோட நிலம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தூவே 1940 பிப்ரவரியில மானீட்சோக்ங்கற ஊர்ல பிறந்தார். மேற்குக் கரையில, ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே. அங்க குளிர்காலத்துல சூரியன் முழுசா காணாமப் போகாது. ஆனா ரொம்ப நேரம் தங்கவும் தங்காது. தொடுவானத்துல எட்டிப் பார்த்துட்டு இறங்கிடும். இன்னும் வடக்கே இலுலிசாட் மாதிரி ஊர்கள்ல வாரக்கணக்குல சூரியனே கிடையாது. ஜனவரி 13 வாக்குல திரும்ப வர்றப்ப ஊரே மேட்டுல போய் நின்னு வரவேற்கும். சூரியனோட ஒரு கீற்று தெரியறதுக்காக ஊர் கூடற இடம். அந்தப் பாதி வட்டத்தை அந்த மண்ணுல பிறந்தவங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

அவர் பிறந்தப்ப கிரீன்லாந்து டென்மார்க்கோட காலனி. 1721ல ஹான்ஸ் எகெடேன்னு ஒரு பாதிரியார் வந்து இறங்கினதுல இருந்து அப்படித்தான். தூவேக்கு 11 வயசு இருக்கும்போது, 1951ல, ஒரு 'பரிசோதனை' நடந்தது. டென்மார்க் 22 கிரீன்லாந்துக் குழந்தைகளைக் கப்பல்ல கூட்டிட்டுப் போச்சு. எதுக்கு? அவங்களை டேனிஷ் பேசற முன்மாதிரிக் கிரீன்லாந்துக்காரங்களா வளர்த்தெடுக்க. ஆறு பேரை டேனிஷ் குடும்பங்கள் தத்தெடுத்துக்கிட்டாங்க. மீதி 16 பேர் ஊர் திரும்பினாங்க, ஆனா வீட்டுக்கு இல்ல. நூக்ல ஒரு விடுதியில வச்சாங்க. அதுக்குள்ள பல குழந்தைகளுக்குத் தாய்மொழி மறந்து போயிருந்தது. அம்மா எதிர்ல நிக்கறாங்க, பேச ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை இல்ல. டென்மார்க் அரசு இதுக்கு மன்னிப்பு கேட்டது 2020 டிசம்பர்ல. அப்போ உயிரோட இருந்தவங்க ஆறே பேர்.

1953ல அரசியல் சட்டத்தை மாத்தி, 'இனி நீங்க காலனி இல்ல, டென்மார்க்கோட ஒரு பகுதி'ன்னு சொன்னாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சமம்னு சொன்னதுக்கப்புறம்தான், 1964ல, பிறந்த இடத்தை வச்சு சம்பளம்னு ஒரு விதி வந்தது. ஒரே வேலை, ஒரே படிப்பு. டென்மார்க்ல பிறந்திருந்தா கூட, கிரீன்லாந்துல பிறந்திருந்தா குறைவு. அரசு வேலையில இருந்தவங்களுக்கு இதுதான் கணக்கு. பக்கத்துப் பக்கத்து கிளாஸ்ரூம்ல பாடம் எடுக்கற ரெண்டு வாத்தியார்களை யோசிச்சுப் பாருங்க. தூவே வாத்தியார் படிப்பு படிச்சு வளர்ந்த தலைமுறை இதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை.

அடுத்த அடி 1972ல. டென்மார்க் ஐரோப்பிய பொருளாதார சமூகத்துல சேரலாமான்னு ஓட்டெடுப்பு. கிரீன்லாந்துல சுமார் 70 சதவீதம் பேர் வேண்டாம்னு சொன்னாங்க. ஆனா டென்மார்க் முழுக்க எண்ணினா 'வேணும்' ஜெயிச்சது. அதனால கிரீன்லாந்தும் உள்ள போக வேண்டியதாச்சு. அவங்களோட மீன்பிடிக் கடல் மேல முடிவெடுக்கற அதிகாரம் இன்னும் தள்ளிப் போச்சு. மீன் இல்லைன்னா அந்த ஊர்ல பொருளாதாரம்னு ஒண்ணுமே இல்ல.

இந்தக் கோபத்துலதான் எழுபதுகள்ல கட்சிகள் பிறந்தது. பேரே கதை சொல்லும். சியுமுட்னா 'முன்னோக்கி'. அடாசுட்னா 'இணைப்பு', டென்மார்க்கோட பிணைப்பு அறுந்துடக் கூடாதுங்கற பக்கம். தூவே சியுமுட். 1979 மே 1ஆம் தேதி ஹோம் ரூல் வந்தது. முதல் தேர்தல்ல 21 இடத்துல 13ஐ சியுமுட் பிடிச்சது. யோனாதான் மோட்ஸ்ஃபெல்ட் பிரதமர். அவரும் பாதிரியாரா இருந்து அரசியலுக்கு வந்தவர். தூவே கல்வி, கலாச்சார அமைச்சர், 1983 வரைக்கும்.

கொடியைப் பத்திப் பேசறவங்க இந்த நாலு வருஷத்தை ஒரே வரியில தாண்டிப் போயிடறாங்க. நான் கொஞ்சம் நிக்கறேன். ஹோம் ரூல் சட்டத்துல ஒரு வாசகம் இருக்கு. கிரீன்லாந்து மொழிதான் முதன்மை மொழி, டேனிஷையும் நல்லா கத்துக்கொடுக்கணும். பேப்பர்ல ஒரு வரி. ஆனா பள்ளிக்கூட நிர்வாகம் 1980ல கைக்கு வந்தப்ப, அந்த ஒரு வரியை நடைமுறைப்படுத்தற துறைக்கு இவர் அமைச்சர். பாடப் புத்தகம் எங்க? அந்த மொழியில பாடம் எடுக்கற வாத்தியார் எத்தனை பேர்? எழுத்துமுறையே அப்போதான் மாறியிருந்தது. 1851ல ஒரு ஜெர்மன் வம்சாவளி மிஷனரி வகுத்த பழைய எழுத்துமுறையை 1973லதான் விட்டாங்க. அந்தப் பழைய முறையில 'க்ரா'ன்னு ஒரு எழுத்து இருந்தது, தொண்டையில வர்ற ஒரு 'க' ஓசைக்கு. இன்னைக்கும் யுனிகோடுல அதுக்கு ஒரு இடம் இருக்கு, கிட்டத்தட்ட வேலை இல்லாம. லெகசி கோட் மாதிரி யாரும் கை வைக்காம அப்படியே. சரி, அது என்னோட தனி சந்தோஷம், விடுங்க.

விஷயம் என்னன்னா, 22 குழந்தைகளோட மொழியை அழிச்சுப் பார்த்த காலத்துல பள்ளிக்கூடம் போன ஒருத்தர், அதே மொழியைப் பள்ளிக்கூடத்துல உட்கார வைக்கற பொறுப்புக்கு வந்தார். என்னைக் கேட்டா கொடி அவரோட ரெண்டாவது பெரிய வேலை. முதல் வேலையை வெளியில யாரும் ஃபோட்டோ எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இப்போ கொடிக்கு வருவோம்.

தனிக்கொடி யோசனை ஹோம் ரூலுக்கு முன்னாடியே இருந்தது. 1973லயே அஞ்சு பேர் சேர்ந்து பச்சை, வெள்ளை, நீலத்துல ஒண்ணு கொடுத்தாங்க. அடுத்த வருஷம் ஒரு பத்திரிகை டிசைன்கள் கேட்டுக் கருத்துக் கணிப்பு நடத்தினது. ஜெயிச்சது எது தெரியுமா? டென்மார்க் கொடியே. இதைக் கேட்டா நமக்கு ஒரு மாதிரி இருக்கு, இல்ல? ஆனா அந்த ஜனங்களைக் குறை சொல்ல நான் தயாரில்ல. கல்யாணம், பிறந்தநாள், சாவு, எல்லாத்துக்கும் தலைமுறை தலைமுறையா அதே சிவப்புக் கொடியை வீட்டு வாசல்ல ஏத்தியிருக்காங்க. தாத்தா சாவுக்கு அரைக்கம்பத்துல இறக்கின கொடி அது. அதை வெறும் ஆள்றவன் கொடின்னு ஒதுக்கிட முடியுமா?

ஹோம் ரூல் வந்ததும் அதிகாரபூர்வமா போட்டி அறிவிச்சாங்க. 555 டிசைன் வந்தது. அதுல 293 கிரீன்லாந்துக்காரங்க அனுப்பினது. அந்த நாட்டு ஜனத்தொகையே அப்போ அம்பதாயிரம் சொச்சம்தான். தேர்வுக் குழு பார்த்தது, பேசினது, ஒத்துப் போக முடியல. மறுபடியும் டிசைன் கேட்டாங்க. ஆபீஸ்ல ஒரு லோகோ மாத்தறதுக்கு மூணு மாசம் மீட்டிங் போட்ட டீம்ல இருந்தவன் நான், எனக்கு இந்த வலி புரியும்.

கடைசியில ரெண்டு டிசைன் நின்னது. ஒண்ணு, பச்சையில வெள்ளைச் சிலுவை. இன்னொண்ணு தூவே வரைஞ்ச இந்த வட்டம்.

சிலுவைன்னா என்ன சிலுவை? டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து கொடிகளை வரிசையா வச்சுப் பாருங்க. எல்லாத்துலயும் கம்பத்துப் பக்கம் தள்ளின ஒரு சிலுவை. நிறம்தான் வேற வேற. குட்டித் தீவுக்கூட்டம் ஃபாரோ, அதுவும் டென்மார்க்குக்குக் கீழதான், அதுக்கும் சிலுவை. ஒரே ஃப்ரேம்வொர்க், வேற வேற தீம். இதோட மூலம் டென்மார்க் கொடி. 1219ல எஸ்டோனியாவுல நடந்த ஒரு போர்ல அது வானத்துல இருந்து விழுந்ததுன்னு ஒரு கதையே உண்டு. ஆக, பச்சைச் சிலுவையைத் தேர்ந்தெடுத்தா, 'நாங்களும் இந்தக் குடும்பத்துல ஒருத்தர், தனி அடையாளத்தோட'ன்னு சொல்ற மாதிரி. அதுவும் ஒரு கௌரவமான நிலைப்பாடுதான், கேலி பண்ண ஒண்ணுமில்ல.

தூவே பண்ணதுதான் விசித்திரம். அவர் எடுத்தது சிவப்பும் வெள்ளையும். டென்மார்க்கோட அதே ரெண்டு நிறம்.

இதைப் படிச்சப்ப முதல்ல எனக்குப் புரியல. மொழிக்காக நின்ன ஆளு, முன்னோக்கிங்கற கட்சி, போயும் போயும் அவங்க நிறத்தையா எடுப்பார்? சமரசம் பண்ணிட்டாரோன்னு கூட நினைச்சேன். அப்புறம்தான் ரெண்டு டிசைனையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன்.

பச்சைங்கறது எங்க இருந்து வந்தது? 'கிரீன்லாந்து'ங்கற பேர்ல இருந்து. அந்தப் பேரை வச்சது யாரு? சிவப்பு எரிக்ங்கற வைக்கிங். ஐஸ்லாந்துல இருந்து ஆளுங்களைக் குடியேற்ற, சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அவர் போட்ட விளம்பரம் அது. தெற்குக் கோடியில கோடையில புல்லு முளைக்கும், ஆட்டுப் பண்ணை இருக்கு, உண்மைதான். ஆனா கலாலிட் நுனாட்ங்கற பேர்ல பச்சையே இல்ல. அப்போ அந்தப் பச்சைச் சிலுவையில நிறமும் வெளியாள் கொடுத்தது, வடிவமும் வெளியாள் கொடுத்தது. டென்மார்க் கொடிக்கும் அதுக்கும் நிறத்துல ஒத்துமை இல்ல, அதனால 'தனி' மாதிரி தெரியுது.

தூவேயோட கொடி இதுக்கு நேர் எதிர். தூரத்துல இருந்து பார்த்தா டென்மார்க் கொடியோட சொந்தக்காரன். கிட்ட வந்தா, அதுல டென்மார்க் எங்கேயுமே இல்ல. கொடியோட பத்தாவது வருஷத்துக்கு அஞ்சல் துறை ஸ்டாம்ப் வெளியிட்டப்ப, கூட வந்த துண்டுப் பிரசுரத்துல அவரே விளக்கம் எழுதினார். மேல இருக்கற வெள்ளை, தீவோட 80 சதவீதத்துக்கும் மேல மூடியிருக்கற பனிப்பாளம். கீழ இருக்கற சிவப்பு, கடல். சிவப்பு அரைவட்டம், அடிப்பாதி கடலுக்குள்ள மூழ்கின சூரியன். வெள்ளை அரைவட்டம், பனிப்பாறைகளும் கடல்மேல மிதக்கற பனியும்.

கடல் ஏன் சிவப்பு? சூரியன் இறங்கற நேரத்துல கரையில நின்னவங்களுக்கு இந்தக் கேள்வி வராது. அப்புறம் அந்த வெள்ளை அரைவட்டம் கோட்டுக்குக் கீழ இருக்கறதைக் கவனிங்க. பனிப்பாறையோட பெரும்பகுதி தண்ணிக்குக் கீழதானே இருக்கும். அவர் எழுதாத இந்த அர்த்தத்தை நான் சேர்த்துக்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

ஒரு நாடாளுமன்றத்துல இது எப்படிப் போகும்? டென்மார்க்கை விட மனசில்லாதவங்க நிறத்தைப் பார்த்து ஆறுதல் படலாம். விலகணும்னு நினைச்சவங்க சிலுவை இல்லாததைப் பார்த்து சந்தோஷப்படலாம். ஒரே டிசைன், ரெண்டு விதமா படிக்கலாம். ஓவியரா மட்டும் இருந்த ஆள் இதை வரைஞ்சிருப்பாரான்னு எனக்கு சந்தேகம். நாலு வருஷம் அமைச்சரா உட்கார்ந்து, மூணு பக்கமும் கேட்ட ஆள் வரைஞ்ச மாதிரி இருக்கு.

அப்பவும் சுலபமா ஜெயிக்கல. 14க்கு 11. அந்தச் சபையில மொத்தம் 25 இடம். 1984 தேர்தல்ல சியுமுட் 11, அடாசுட் 11, இடதுசாரிக் கட்சியான இனுயிட் அடாகட்டிகீட் 3. சியுமுட்டும் இனுயிட் அடாகட்டிகீட்டும் கூட்டணி அரசு. அந்தக் கூட்டலைப் போட்டு 14-11 பக்கத்துல வச்சுப் பாருங்க. எல்லாரும் ஆறுதல் படலங்கறது மட்டும் தெரியும்.

1985 ஜூன் 21ஆம் தேதி கொடி அதிகாரபூர்வமாச்சு. வருஷத்துலயே நீளமான பகல். அதே வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்லாந்து ஐரோப்பிய சமூகத்தை விட்டு வெளியே வந்திருந்தது. 1982ல தனியா ஓட்டெடுப்பு நடத்தி, 53 சதவீதம் பேர் வெளியேறலாம்னு சொன்ன முடிவு. இழுத்துட்டுப் போன இடத்துல இருந்து நடந்து வெளியே வந்த வருஷமும், கொடி ஏத்தின வருஷமும் ஒண்ணே.

இதுல ஒரு காமெடியும் இருக்கு. டென்மார்க்ல ஹெச்இஐன்னு ஒரு படகோட்டும் கிளப் இருக்கு. அவங்க கொடியும் கிட்டத்தட்ட இதே தான்! வெள்ளை, சிவப்பு, தலைகீழ் வட்டம். கிளப்தான் மூத்தது. அவங்களும் 'பரவாயில்ல, வச்சுக்கோங்க'ன்னு விட்டுட்டாங்க. காப்பியா, தற்செயலான்னு சண்டை போட இன்டர்நெட்ல இன்னைக்கும் ஆள் இருக்கு. ரெண்டு நிறம், ஒரு வட்டம், ஒரு கோடு. இவ்வளவு குறைவான பொருளை வச்சு வரைஞ்சா உலகத்துல எங்கேயோ யாரோ ஏற்கனவே வரைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஃபங்ஷன் எழுதிட்டு ஸ்டாக் ஓவர்ஃப்ளோல அதே மாதிரி ஒண்ணைப் பார்த்து அதிர்ச்சி ஆனவங்களுக்குத் தெரியும். எனக்கு இது அவரைச் சின்ன ஆளா ஆக்கல.

2009ல, மறுபடியும் ஜூன் 21, ஹோம் ரூல் போய் சுயாட்சி வந்தது. சர்வதேச சட்டப்படி கிரீன்லாந்து மக்கள் ஒரு தனி மக்கள்னு டென்மார்க் ஏத்துக்கிட்டது. கலாலிசுட், அவங்க மொழி, ஒரே ஆட்சி மொழி ஆச்சு. முதல் கல்வி அமைச்சருக்கு அப்போ 69 வயசு. இதை அவர் பார்த்தார்.

டென்மார்க் கொடி இன்னும் அங்க பறக்குது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. 'அப்பலார்டோக்'னு ஒரு வார்த்தை இருக்கு அவங்க மொழியில, 'சிவப்பானது'ன்னு அர்த்தம். டென்மார்க் கொடியையும் அப்படிச் சொல்வாங்க, தூவேயோட கொடியையும் அப்படியே சொல்வாங்க. ஆனா அதிகமா சொல்ற பேரு வேற. எர்ஃபாலசோர்புட். அர்த்தம் தேடினா இங்கிலீஷ்ல எல்லா இடத்துலயும் 'அவர் ஃப்ளாக்'னு ரெண்டே வார்த்தையில போட்டிருக்கு.

இந்த ஸ்கிரிப்ட் எழுதும்போது இங்கதான் மாட்டிக்கிட்டேன். தமிழ்ல அந்த 'அவர்'க்கு ரெண்டு வார்த்தை இருக்கே. 'எங்கள் கொடி'யா, 'நம் கொடி'யா? 'எங்கள்'னா, எதிர்ல நிக்கற உனக்கு இதுல பங்கில்ல. 'நம்'னா, நீயும் சேர்த்தி. டென்மார்க் நாடாளுமன்றத்துல நின்னு சொன்னா எது? நூக்ல, அடாசுட்டுக்கு ஓட்டுப் போட்ட பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட சொன்னா எது? அவங்க மொழியில அந்தப் பிரிவு கிடையாது, ஒரே விகுதி ரெண்டுக்கும் ஓடிடும். நமக்குத்தான் தேர்ந்தெடுத்தாகணும். ரெண்டு நாள் யோசிச்சு, ஷோ நோட்ஸ்ல 'எங்கள் கொடி'ன்னு போட்டு, அப்புறம் 'நம் கொடி'ன்னு மாத்தி, மறுபடி அழிச்சேன்.

இப்போதைக்கு அங்க பேரை அப்படியே எர்ஃபாலசோர்புட்னு விட்டு வச்சிருக்கேன். நீங்க எதைப் போடுவீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.